கடைசித் தவணைக்குப் பிறகு ஒரு மண் உண்டியல்

குழுக்கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்த வீடு முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், ஒரு மண் உண்டியல் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பதில். பூட்டும் சாவியும் இல்லாத, மேலே ஒரு கீறல் மட்டும் உள்ள, சுட்ட களிமண் உண்டியல். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சட்டி பானை விற்கிற கடைகளில் பார்க்கலாம். கோயில் திருவிழாக் காலத்துத் தெருக்கடைகளிலும் பார்க்கலாம்.

இது கள்ளனுக்குத் தடை அல்ல. ஒரு தட்டில் உடைந்துவிடும். இது மறிப்பது வீட்டுக்காரரின் கையைத்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மனம் கொதிக்கிற நேரத்தில் செலவழிக்கிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிய உதவி.

போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு வன்னியில் கடன் கேட்டு யாரும் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கடன் மோட்டார் சைக்கிளில் ஏறி முற்றத்துக்கே வந்தது. ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கிற குழு, கிழமைக்கு ஒரு கூட்டம், கூட்டத்தில் தவணை. வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் போன, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசாங்கம் பொறுப்பெடுத்துத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது முற்றியது. அதற்குப் பிறகும் எடுத்தவர்கள் உண்டு, சிறுகச் சிறுகக் கட்டி வெளியே வந்தவர்களும் உண்டு. இந்த மதிப்பீடு அப்படி வெளியே வந்தவர்களுக்கு.

கிழமைக் கடன் கட்டிய வீட்டில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். செவ்வாய் பத்து மணிக்குக் கூட்டம் என்றால் திங்கள் இரவே காசை எண்ணி முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். கூலி இல்லாத கிழமையிலும் முட்டை விற்றோ, கைமாற்று வாங்கியோ, காதுத் தோட்டைக் கழற்றி அடைவு வைத்தோ அந்தக் காசு வந்து சேர்ந்திருக்கும். இரண்டு வருடம் அப்படிக் கட்டிய ஒருவருக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை நாளும் அவர் சேமித்துக்கொண்டுதான் இருந்தார். சேர்ந்தது இன்னொருவருடைய பெட்டிக்குப் போனது, அவ்வளவுதான்.

கடன் முடிந்த முதலாவது செவ்வாய்தான் ஆபத்தான நாள். காசு கையில் நிற்கிறது, கேட்க ஆள் வரவில்லை. இரண்டு வருடம் அடக்கி வைத்த ஆசைகள் எல்லாம் ஒன்றாக எழும்பும். பிள்ளைக்குச் சப்பாத்து, வான் வாகனத்தில் கொண்டு வந்து கட்டுக்காசுக்கு, அதாவது தவணைக்கு, கொடுக்கிற சேலை, பேஸ்புக்கில் பார்த்து ஓடர் போட்டால் வீட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு தருகிற சாமான். எதுவும் தவறான ஆசை அல்ல. ஆனால் நாலு செவ்வாய் இப்படிப் போனால் தவணைக் காசு என்று ஒன்று வீட்டில் இருந்ததே மறந்துபோகும். ஐந்தாவது கிழமை யாருக்காவது காய்ச்சல் வரும்போது பழைய முற்றத்துக் கூட்டத்துக்கே திரும்ப வேண்டி வரும்.

அதனால் உண்டியல் அந்த முதலாவது செவ்வாய்க்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். அதே நாள், அதே பத்து மணி. அதே தொகையிலிருந்து ஒரு பங்கு. பழக்கத்தைப் புதிதாகப் பழக வேண்டியதில்லை, காசு விழுகிற இடத்தை மாற்றினால் போதும். இந்த ஒன்றைச் செய்யாமல் உண்டியலைச் சும்மா வாங்கி வைத்தால் அது அலுமாரியின் மேல் இருக்கிற அலங்காரம்தான்.

உண்டியல் வாங்க முன்னர் ஒரு வேலை இருக்கிறது. கடன் முழுதும் தீர்ந்தது என்று நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், முத்திரையும் திகதியும் கையெழுத்தும் இட்ட கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தவணை அட்டையில் கடைசிக் கட்டத்தில் இட்ட கையெழுத்து அதற்கு ஈடாகாது. காசோலை, காணி உறுதி, வேறு மூலப் பத்திரம் எதையாவது பிணையாகக் கொடுத்திருந்தால் திருப்பி வாங்குங்கள். குழுவில் மற்றவருடைய கடனுக்கு இட்ட பிணைக் கையெழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் உங்கள் கடன் முடிந்தாலும் அந்தப் பிணை தானாக முடியாது. கிரிப் என்று சொல்லுகிற கொடுகடன் தகவல் பணியகத்தில் உங்கள் பேரில் உள்ள அறிக்கையையும் எடுத்துப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் அங்கே கட்டாததாகக் கிடந்தால் இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

அந்தக் கடிதத்தைக் கேட்கப் போகும் நாளில்தான் அடுத்த சுற்றுக் கடனையும் நீட்டுவார்கள், முன்னையதை விடப் பெரிதாக. ஒழுங்காகக் கட்டியவர் என்ற பாராட்டோடு வருவதால் மறுக்கக் கூச்சமாக இருக்கும். ஒரு கணக்கைக் கையில் வைத்திருங்கள். 50,000 ரூபாய்க்கு வருடம் 24 வீதம் வட்டி, 52 கிழமையில் கட்ட வேண்டும் என்றால் மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. கேட்க 24 வீதம். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் சேர்ந்து குறைந்து போவதால், வருடம் முழுதும் 50,000 உங்கள் கையில் இருப்பதில்லை, சராசரியாகப் பாதியளவுதான் இருக்கிறது. குறைந்து போகிற மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது 44 வீதத்துக்குக் கிட்ட வருகிறது.

இனி உண்டியலைத் தேர்வு செய்வது. பெரிதாக வாங்க வேண்டாம். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற தேங்காய் அளவே போதும். பெரியது நிரம்ப ஆறு ஏழு மாதம் எடுக்கும், அவ்வளவு நாள் வீட்டில் காசு கிடக்கக் கூடாது. விரல் மடக்கால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நன்றாகச் சுட்டது. சத்தம் மந்தமாக இருந்தால் வேகாத மண், அல்லது உள்ளே வெடிப்பு. விரலை எச்சில் தொட்டு, நிறம் பூசாத அடிப்பக்கத்தில் தேயுங்கள். சிவப்பு ஒட்டிக்கொண்டால் வேண்டாம், மாரியில் ஈரம் உறிஞ்சும். பளபளவென்று நிறம் பூசியதை விடப் பூசாதது நல்லது, பூச்சுக்குக் கீழே வெடிப்பு ஒளிந்திருக்கும். அடியில் ரப்பர் மூடி உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். மூடி இருந்தால் அது உண்டியல் அல்ல, காசு வைக்கிற சட்டி.

கீறலின் நீளம் நாலு சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். நமது தாள்கள் எல்லாம் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் அகலம். அகலத்தை ஒரு முறை மடித்தால் மூன்றரைக்குக் கிட்ட வரும், அது நாலுக்குள் தாராளமாக இறங்கும். கீறல் இதை விடச் சிறிதானால் தாளை இறுகச் சுருட்டித்தான் போட வேண்டி வரும். அங்கேதான் பிழை தொடங்குகிறது. இறுகச் சுருட்டிய தாள் உள்ளே சுருளாகவே கிடக்கும். உண்டியலைக் கவிழ்த்து ஈர்க்குச்சியும் சட்டைப்பின்னும் வைத்துக் கிண்டினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். ஒரே மடிப்பாக, தளர்வாகப் போட்டால் உள்ளே விழுந்ததும் விரிந்துகொள்ளும். விரிந்த தாள் கீறலால் திரும்பி வராது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தச் சின்ன வித்தியாசம் மாதத்தில் நாலைந்து தாளைக் காப்பாற்றும். பெரியவர்களின் கையிலிருந்தும் காப்பாற்றும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சில்லறையைத் தாளோடு சேர்த்துப் போடாதீர்கள். பாரம் கூடும், தூக்கி வைக்கும்போது அடி வெடிக்கும், மாரியில் நாணயக் குற்றியும் தாளும் ஒட்டித் தாள் கறைபடும். சில்லறைக்கு ஒரு ஜாம் போத்தல் போதும், பாடசாலைப் பஸ்ஸுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

வைக்கிற இடம். வன்னியில் காசுக்குக் கள்ளனை விடப் பெரிய எதிரி கறையான். மண் சுவரோடு ஒட்டிய தட்டில், மண் தரையில், பழைய பெட்டிக்குள் வைக்க வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, மேசை அல்லது அலுமாரியின் மேல், நிமிர்த்திய தகர மூடி ஒன்றுக்குள் வையுங்கள். கறையான் ஏறினால் அதன் மண் கோடு மூடியில் தெரியும். அடுப்படியிலும் வேண்டாம், புகையும் ஆவியும் கீறலுக்குள் போகும். ஐப்பசி தொடங்கித் தைக்குள் மழை பெய்கிற நாட்டில் எந்த உண்டியலும் காற்றுப் புகாத பெட்டி அல்ல. ஐப்பசிக்கு முன்னர் ஒன்றை உடைத்துக் காசைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். தவணைத் தொகை முழுவதையும் போடத் தொடங்குவார்கள், மூன்றாவது கிழமை முறிந்துபோகும். காரணம் எளிது. கடன் கட்டிய காலத்தில் வீடு எதையெல்லாமோ குறைத்துத்தான் கட்டியது, அந்தக் குறை இன்னும் நிரம்பவில்லை. கிழமைத் தவணை 2,500 ரூபாயாக இருந்தது என்று வைப்போம். அதில் 1,500 உண்டியலுக்கு. 500 சாப்பாட்டுக்கு, அதாவது கடன் காலத்தில் நிறுத்திய முட்டை, மீன், பயறுக்கு. 300 ஆசைக் காசு, கேள்வி கணக்கில்லாமல் செலவழிக்கலாம். மிச்சம் 200 நல்லது கெட்டதுக்கு. ஆசைக் காசை வெட்டிச் சிக்கனம் செய்ய நினைக்காதீர்கள். அது இல்லாத திட்டம் ஒரு கோபத்திலோ ஒரு கவலையிலோ மொத்தமாக உடையும்.

நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கும் கடற்தொழில் வீடுகளுக்கும் கிழமைத் தொகை நிலையாக இராது. அவர்கள் ஒவ்வொரு ஆயிரத்திலும் நூறு என்று வைத்து, அன்றைய காசு கைக்கு வந்த உடனே, சங்கக்கடைக்குப் போக முன்னர் போட வேண்டும். காற்றுக்கடலாகிப் படகு இறங்காத கிழமைக்கு ஒன்றும் போட வேண்டாம், கீழே சொல்லப்போகிற கொப்பியில் ஒரு கோடு போடுங்கள். விட்ட கிழமையை அடுத்த கிழமை இரட்டிப்பாகப் போட்டு ஈடுசெய்யப் போகாதீர்கள். தவணை தவறினால் அபராதம் என்ற பழைய பயத்தை வீட்டுக்குள் திரும்பக் கொண்டு வருவதற்குச் சமம் அது. நெல் விற்ற காசு இந்த உண்டியலின் வேலை அல்ல. மாசி, பங்குனியில் காலபோக அறுவடைக் காசு மொத்தமாக வரும்போது, உழவுக்கும் உரத்துக்கும் அடுத்த போகத்துக்கு வேண்டியதைப் பிரித்து, நேரே வங்கிக்குக் கொண்டு போங்கள். வீட்டில் ஒரு இரவு தங்கினாலும் அந்தக் காசுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்துவிடும்.

உண்டியல் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு 80 பக்கக் கொப்பி வேண்டும். உண்டியலில் போட்ட தொகையை அதன் ஒரு பக்கத்தில் குறியுங்கள். இன்னொரு பக்கத்தில் நாலு நிரல் போடுங்கள்: நாளும் நேரமும், வாங்கிய சாமான், விலை, வாங்கும்போது மனம் எப்படி இருந்தது. கடைசி நிரலுக்கு ஒரு சொல் போதும். கோபம், கவலை, அலுப்பு, பசி, சந்தோசம், வெட்கம். வெட்கம் என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்ட சட்டையைப் பார்த்து நமது பிள்ளைக்கு வாங்குவது அந்தச் சொல்லுக்குள்தான் வரும். அரிசி, பருப்பு, பஸ் காசு எழுத வேண்டியதில்லை. முதல் எண்ணத்தில் இல்லாமல் திடீரென்று வாங்கியதை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினால் பத்து நாளில் கொப்பி அடுப்புக்குப் போகும்.

நாலு கிழமை கழித்து விலை நிரலைப் பாராமல் நேர நிரலைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நேரத்தில் குவிந்திருக்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு, போனோடு, அலுப்பு என்று வந்தால் பிரச்சினை காசில் இல்லை, அந்த ஒரு மணித்தியாலத்தில் இருக்கிறது. எட்டு மணிக்குப் போனைச் சார்ஜில் போட்டு வேறு அறையில் வையுங்கள், வாசலில் காசு வாங்குகிற ஓடர்கள் பாதி குறையும். மதியம் பன்னிரண்டு, சந்தை, பசி என்று வந்தால் மருந்து வேறு: சந்தைக்குப் போக முன்னர் சாப்பிட்டுப் போவது. அடிக்கடி கோபம் என்று வந்தால், யாரோடு என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கடையில் மருந்து இல்லை. அந்த மனிதரோடு பேசுவதோ, பேசாமல் நகர்வதோதான்.

காத்திருக்கிற விதியும் கொப்பியிலேயே இருக்கட்டும். 500 ரூபாய்க்கு மேற்பட்ட சாமானுக்கு ஒரு இரவு. 2,500க்கு மேற்பட்டதற்கு அடுத்த உண்டியல் நாள் வரை. சாமானின் பேரையும் விலையையும் எழுதி வைத்துவிட்டு எழும்புங்கள். கட்டுக்காசு வான்காரர் இன்றைக்கே முடிவு கேட்பார், இந்த விலை நாளைக்கு இல்லை என்பார். அடுத்த மாதமும் அதே வான் வரும். ஒரு கிழமை கழித்தும் அந்தச் சாமான் வேண்டும் என்று மனம் கேட்டால், வாங்கலாம், கைக்காசுக்கு வாங்கலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் சிக்கனம் இங்கேதான் அதிகம் பிழையாகப் போகிறது. காசு இறுகினால் வீடுகள் முதலில் நிறுத்துவது முட்டையும் மீனும். நிறுத்தாமல் விடுவது சீனியும் கோதுமை மாவும். இது தலைகீழ். ஒரு தேத்தண்ணிக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் எட்டுக் கிராம். ஒருவர் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடித்தால் 40 கிராம். பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. கரண்டியைக் குவித்துப் போடுகிற வீட்டில் இது இன்னும் கூடும். சேர்க்கிற சீனியை நாளுக்கு 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு அரைக் கரண்டி என்று குறைத்தால் நாக்கு எதிர்ப்புத் தெரிவிக்காது, ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் கடையில் சோடா வாங்குவீர்கள். மாதம் இரண்டரைக் கிலோ சீனி மிஞ்சுகிற காசு முட்டைக்குப் போகட்டும்.

பயறு, கௌபி, கடலை எல்லாம், அவிக்க முன்னர் காய்ந்த நிலையில், நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் தருகிறவை. ஒரு முட்டையில் ஆறு கிராம். குளத்துத் திலாப்பியா கடல் மீனை விட விலை குறைவாகக் கிடைக்கிற ஊர்கள் வன்னியில் நிறைய. வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி. குரக்கன் புட்டு ஒரு கோப்பை தின்றவருக்குப் பதினொரு மணிக்கு ரோல்ஸ் தேவைப்படாது, பாணும் சம்பலும் தின்றவருக்குத் தேவைப்படும். பஸ் நிலையத்தில் வாங்குகிற ரோல்ஸும் சோடாவும் ஆசையால் வாங்குவதை விட வயிறு வெறுமையாக இருப்பதால் வாங்குவதே அதிகம். பையில் ஒரு போத்தல் தண்ணீரும் அவித்த கௌபி ஒரு பிடியும் வைத்துக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் புறப்படுகிறவர் அந்தக் கடைகளைத் தாண்டிப் போய்விடுவார். நித்திரையும் இதற்குள் வரும். இரவு ஐந்து மணித்தியாலம் தூங்கியவர் அடுத்த நாள் இனிப்பையும் எண்ணெயையும் தேடுவார், அது அவருடைய குற்றமல்ல, உடம்பு கேட்கிறது.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு செலவு உண்டு. வைகாசியிலும் கார்த்திகையிலும் பல வீடுகளில் கை தாராளமாகும். போரில் இழந்தவர்களின் நினைவில் படையல், அயலுக்குச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு உடுப்பு, கோயிலுக்கு அர்ச்சனை. இதை உணர்ச்சிவசச் செலவு என்று ஒரே கூடைக்குள் போட்டு வெட்டச் சொல்கிற ஆலோசனை மனிதத்தன்மை இல்லாதது. கிழமைக்கு எடுத்து வைத்த அந்த 200 ரூபாய் இதற்குத்தான். வருடம் 10,400 ரூபாய். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற வாகனக் காசும் சாமத்தியவீட்டு அன்பளிப்பும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும், அதனால் வருடத் தொடக்கத்திலேயே எதற்கு எவ்வளவு என்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். துக்கத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிற வீடு துக்க நாளில் கடன் வாங்காது.

மண் உண்டியல் தோற்கிற இடங்களும் உண்டு. சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் உண்டியல் உடையும், அதோடு பழக்கமும் உடையும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனாலும் ஓட்டோக் காசு, கூட நிற்பவரின் சாப்பாடு, வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனை என்று காசு வேண்டும். ஆகவே முதல் இரண்டு கிழமைக் காசை உண்டியலில் போடாமல் ஒரு கடித உறையில் 3,000 ரூபாயாக வைத்து, அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் சேர்த்து வையுங்கள். உறையில் எடுத்தால் அடுத்த செவ்வாய் முதலில் உறையை நிரப்பி, பிறகு உண்டியல்.

வட்டி இல்லை என்பது இன்னொரு குறை. 2022 செப்தெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட காலத்தில் உண்டியலில் கிடந்த காசு கிடந்தபடியே தேய்ந்தது. இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் எட்டுப் பத்துக் கிழமைக்கு மேல், 15,000 ரூபாய்க்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால்? தகர உண்டியலின் அடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து திரும்ப மூடலாம். யாருக்கும் தெரியாது, அதுதான் அதன் கேடு. பூட்டுள்ள பிளாஸ்ரிக் பெட்டியின் சாவி அதே வீட்டில்தான் இருக்கும். சீட்டு நல்ல கட்டுப்பாடு. ஆனால் கழிவுச் சீட்டில் அவசரத்துக்கு முதலில் எடுப்பவர் கழிவு கொடுத்து எடுக்கிறார், மிச்ச மாதங்கள் முழுதும் கட்டுகிறார். கடனிலிருந்து இப்போதுதான் வந்தவருக்கு அது பழைய பாதையின் வாசல். கழிவில்லாத சீட்டில், நன்கு தெரிந்த பத்துப் பேருக்குள், கடைசித் தவணையை எடுக்க மனம் இருந்தால் மட்டும் சேரலாம். போனில் காசு வைப்பதை இந்த முதல் வருடத்துக்குத் தவிருங்கள், காசும் கடையும் ஒரே திரையில் இருக்கக் கூடாது.

கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் உண்டியலுக்கு எதிரி அல்ல, உண்டியலுக்கு அடுத்த படி. பங்குக் காசு, மாதச் சேமிப்பு, பிறகு தேவைக்கு ஏற்ற கடன், தெரிந்த முகங்கள். சேர முன்னர் மூன்றைப் பாருங்கள்: வருடாந்தப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, கணக்காய்வு முடிந்த அறிக்கையை உறுப்பினருக்குக் காட்டுகிறார்களா, போட்ட அன்றே பாஸ் புத்தகத்தில் பதிகிறார்களா. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை உண்டு, கூட்டுறவுச் சங்கச் சேமிப்புக்கு அது இல்லை. அதனால் பெரிய தொகை வங்கியிலும், ஊரோடு உள்ள உறவுக்கும் சிறு கடன் உரிமைக்கும் வேண்டிய தொகை சங்கத்திலும் இருக்கட்டும்.

யாரும் விளம்பரத்தில் சொல்லாத நன்மை ஒன்றும் மண் உண்டியலுக்கு இருக்கிறது. கடன் முடிந்த வீட்டுக்குக் கைமாற்றுக் கேட்டு ஆள் வரும், மச்சாள் வருவா, பெரியம்மாவின் மகன் வருவான். கையில் காசு இல்லை என்று பொய் சொல்ல மனம் வராது, இருக்கிறது என்று சொன்னால் கொடுக்க வேண்டும். “உண்டியலுக்குள்ளதான் கிடக்கு மச்சாள், உடைக்க வேணும்” என்றால் உண்மையும் சொன்னதாகும், உறவும் முறியாது. உண்மையிலேயே அவசரம் என்றால் உடையுங்கள் என்பார்கள், அப்போது உடைக்கலாம். பெரும்பாலும் கேட்டவரே வேண்டாம் என்பார்.

உடைக்கிற நாளைப் பற்றி. பழையதை உடைக்க முன்னர் புதியது வீட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் அந்தச் செவ்வாய் காசு கைக்குள் நின்றுவிடும். வங்கி திறந்திருக்கிற நாளின் காலையில் உடையுங்கள், வெள்ளி மாலையில் வேண்டாம். உண்டியலை உரப்பைக்குள் வைத்து வாயைக் கட்டி, சுத்தியலின் மரப்பிடியால் அடிப்பக்கத்தில் ஒரு தட்டு. பையில்லாமல் உடைத்தால் ஓட்டுத்தூள் தாளுக்குள் புகும், பிள்ளைகளின் காலில் குத்தும். தாள்களை எண்ணி, கொப்பியில் எழுதிய தொகையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் வீட்டில் யாரையும் சந்தேகிக்க முன்னர் விட்ட கிழமைக் கோடுகளை எண்ணுங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். எண்ணியதில் ஒரு தாளைப் புதிய உண்டியலுக்குள் போட்டுவிட்டு, மீதியை வங்கிக்குக் கொண்டு போங்கள். பஸ்ஸுக்குக் காசு ஜாம் போத்தலிலிருந்து. உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பெரிது பெரிதாகப் பொறுக்கி, மிளகாய்க் கன்று வைக்கிற பையின் அடியில், துளைக்கு மேல் கவிழ்த்துப் போட்டால் மாரியில் தண்ணீர் தேங்காது.